ஒரே மாமரம், இரண்டு மேசைகள்: உரலும் தூணும்

நகரியில் எங்கள் வீட்டுக் கூடத்துக்காக ஒரு ஜோடி சைடு டேபிள் செய்து முடித்திருக்கிறேன். சோபாவின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்பதுதான் முதலில் போட்ட திட்டம். ஜோடி என்று சொன்னாலும் பார்வைக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. ஒன்று உரலின் வடிவம்: உருண்டை, இடை சிறுத்தது, வெளிர் தேன் நிறம், வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற பளபளப்பு. மற்றது பழைய கோயில் தூணின் வடிவம்: சதுரமும் எட்டுப்பட்டையும், நிறம் கன்னங்கரேல், தொட்டால் உளித்தடம் விரலில் தட்டும்.

ஆனால் மரம் ஒன்றே. ஒரே மாமரத்தின் பலகைகள். உயரம் இரண்டுக்கும் 18 இன்ச், அகலம் இரண்டுக்கும் 13 இன்ச். இரண்டு இன்ச் கனத்தில் ஒன்பது அடுக்கு, இரண்டிலும். இந்த மூன்றையும் பிடிவாதமாக ஒன்றாகவே வைத்தேன். வடிவமும் மேற்பூச்சும் எவ்வளவு தூரம் விலகிப் போனாலும் இவை ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் அது ஜோடி இல்லை. இரண்டு கடையில் வாங்கிய இரண்டு சாமான்.

இந்த யோசனைக்கு முன்னோடி இருக்கிறது. 1960இல் நியூயார்க்கின் டைம் லைஃப் கட்டடத்துக்காக வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி வால்நட் மரத்தைக் கடைந்து ஸ்டூல்கள் செய்தார்கள். மேல் வட்டும் கீழ் வட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி, நடுவில் மட்டும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நடுப்பகுதிகள் ஒன்றோடொன்று பேசுவது தெரியும். மேற்பூச்சில் எதிர்ப்பதம் வைக்கும் துணிச்சல் சிற்பி பிரான்குசியிடம் கற்றது. முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்த வெண்கலத்தை, கோடாலித் தழும்போடு விட்ட ஓக் கட்டையின்மேல் உட்கார வைப்பார். கீழே இருக்கும் முரடு இல்லாவிட்டால் மேலே இருக்கும் மெருகு பாதிதான் தெரியும்.

வடிவத்துக்கு வெளிநாடு போக வேண்டிய தேவை இல்லை. உரல் கொல்லையிலேயே கிடக்கிறது. தூணுக்கு அரக்கோணம் பக்கத்து மகேந்திரவாடி போதும். பல்லவ மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை, 7ஆம் நூற்றாண்டு, தனியாக நிற்கும் ஒரே பாறையில் குடைந்தது. அதன் தூண்களில் கீழே சதுரம், மேலே சதுரம், நடுவில் மூலைகளை வெட்டிவிட்ட எட்டுப்பட்டை. அந்த நடுப்பகுதியைக் கட்டு என்பார்கள். வேறு அலங்காரமே வேண்டாம் என்கிற தைரியம் அந்தத் தூணில் இருக்கிறது. அந்த விகிதத்தைத்தான் எடுத்துக்கொண்டேன்: நான்கு இன்ச் சதுரம், பத்து இன்ச் கட்டு, மறுபடி நான்கு இன்ச் சதுரம்.

18 இன்ச் உயரம் ஏன் என்றால், அது நாற்காலி உட்காரும் உயரம். விருந்தாளி கூடிவிட்டால் டேபிளே ஸ்டூல் ஆகிவிடும். சோபாக் கைக்கு நாலு இன்ச் கீழே நிற்பதால் டம்ளர் எடுக்கக் கை இயல்பாக இறங்குகிறது.

மரத்தைப் பற்றி. சித்தூர்ப் பக்கம் மாந்தோப்புக்குப் பஞ்சமில்லை. தோத்தாபுரி காய்த்து ஓய்ந்த கிழட்டு மரங்களை வெட்டினால் பெரும்பாலும் விறகுக்கும் பேக்கிங் பெட்டிக்கும்தான் போகிறது. எங்கள் பெரியம்மா தோப்பில் அப்படி வெட்டிய ஒரு அடிமரம் ஒரு மழைக்காலம் முழுக்க மண்ணில் கிடந்தது. அறுப்பு மில்லில் போட்டு விரித்தபோது வெளிர் மஞ்சள் பலகையில் மையால் வரைந்த மாதிரி கறுப்புக் கோடுகள் ஓடின. ஈரக் கட்டைக்குள் புகுந்த பூஞ்சைகள் ஒன்றையொன்று தடுத்துப் போடும் எல்லைக் கோடுகள் அவை. மில்காரர் "இதி புச்சிபோயிந்தி" (இது உளுத்துப்போச்சு) என்று ஒதுக்கப் பார்த்தார். நகத்தால் அழுத்திப் பார்த்தேன், பள்ளம் விழவில்லை. கோடு வந்திருக்கிறது, மக்கல் இன்னும் தொடங்கவில்லை. அந்தக் கட்டத்தில் பிடித்துக் காயவைத்துவிட்டால் பூஞ்சை நின்றுவிடும், கோடு மட்டும் தங்கும். மாமரத்துக்கு இதைவிட அழகு வேறு இல்லை என்பது என் எண்ணம்.

செம்மரம் கிடைக்கும் ஊராச்சே, அதில் செய்யலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. சேஷாசலம் மலையும் அதைச் சுற்றிய மலைகளும்தான் அதன் தாய்வீடு. உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை என்பதால்தான் அத்தனை சட்டக் காவல். சைடு டேபிளுக்கு அந்த மரம் வேண்டவே வேண்டாம். கறுப்பும் தேன் நிறமும் மாமரத்திலேயே வரும்போது எதற்கு?

மாமரத்துக்கு இரண்டு எதிரி: துளைவண்டும் அவசரமும். மாவில் மாவுச்சத்து அதிகம்; காய்ந்த பலகையிலும் வண்டு புகுந்து மாவாகக் கொட்டும். அறுத்த ஈரத்திலேயே போரான் கொடுப்பதுதான் சரியான வழி. பத்து லிட்டர் வெந்நீரில் 200 கிராம் போரிக் ஆசிட், 300 கிராம் வெண்காரம் கரைத்துப் பலகைகளை முக்கி எடுத்து, பாலித்தீன் தார்ப்பாயில் சுற்றி வைத்தேன். ஈரம் இருக்கும்வரைதான் உப்பு உள்ளே ஊடுருவும். காய்ந்த பலகையில் தடவினால் மேலோடு நிற்கும். இரண்டு வாரம் போனதும் பிரித்து, வெட்டுமுனைகளில் பழைய பெயின்டைக் கெட்டியாக அடித்து, இரண்டடிக்கு ஒரு ரீப்பர் வீதம் இடையில் கொடுத்து நிழலில் அடுக்கினேன்.

இந்தப் பக்கத்துக் கத்திரி வெயிலில் மரம் சீக்கிரம் காயும், அதுதான் பயமே. முனை வழியாக ஈரம் ஓடும் வேகத்துக்கு நடுப்பகுதி ஈடுகொடுக்காமல் பிளந்துவிடும். அதனால் காற்று மட்டும் போகும்படி மேல்பக்கம் ஓலைத் தட்டி, தெற்கும் மேற்கும் சாக்குத் தொங்கல். ஒரு இன்ச் கனத்துக்கு ஒரு வருஷம் என்ற பழைய கணக்கு குளிர்ந்த ஊர்களுக்கானது. இங்கே அதற்குள்ளாகவே ஈரமானி 11 சதவீதம் காட்டியது. காட்டினாலும் மழை சீசன் ஒன்று முழுசாகப் போக விட்டேன். பலகை ஊரின் ஈரத்தையும் வறட்சியையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டால் அப்புறம் அடங்கி இருக்கும்.

இனி கட்டுமானம். முழு அடிமரத்தையே வெட்டி வைத்தால் என்ன என்று தோன்றும். வெடிக்கும். மரம் காயும்போது வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. நடுக்குருத்து உள்ளேயே இருக்கும் கட்டையில் இந்த வித்தியாசம் எங்கேயாவது வாய் பிளந்துதான் தீரும். அதனால் குருத்தை ஒதுக்கிவிட்டு, பலகைகளை அடுக்கி ஒட்டினேன். ஒரு அடுக்குக்கு ஏழு இன்ச் அகலத்தில் இரண்டு துண்டு. இரண்டு டேபிளுக்கும் கழிவோடு சேர்த்து ஆறு கன அடி மரம் ஆனது.

அடுக்கும்போது மூன்று விஷயம் பார்த்தேன். நடு ஒட்டு ஒரு அடுக்குக்கு மேல் அடுத்த அடுக்கில் வராமல், செங்கல் சுவரில் மாதிரி தள்ளித் தள்ளி வர வேண்டும். ரேகை எல்லா அடுக்கிலும் ஒரே திசையில் ஓட வேண்டும். பிளைவுட்டைப் போலக் குறுக்கும் நெடுக்கும் வைத்தால் இரண்டு இன்ச் கனத்தில் அடுக்குகள் ஒன்றையொன்று இழுத்து ஒட்டைப் பிரித்துவிடும். எல்லாம் ஒரே திசையில் இருந்தால் மழைக்கு எல்லாம் சேர்ந்து விரிந்து, வெயிலுக்கு எல்லாம் சேர்ந்து சுருங்கும். வருஷத்தில் சில மாதம் உரலின் வாய் துல்லியமான வட்டமாக இல்லாமல் இம்மி நீண்டு நிற்கும், அவ்வளவுதான். மூன்றாவது எடை. 13 இன்ச் சதுரத்தில் 18 இன்ச் உயரத்துக்கு மா கனமாக நிறைந்தால் 34 கிலோ வரும். அதனால் தூணில் மேலும் கீழும் ஒரு அடுக்கை விட்டுவிட்டு நடு ஏழு அடுக்கிலும் ஏழு இன்ச் சதுர ஓட்டை போட்டேன். மூலையை வெட்டினாலும் மிக மெல்லிய இடத்தில் ஒன்றரை இன்ச்சுக்குக் குறையாத சுவர் மிஞ்சும். முடிந்தபோது எடை 23 கிலோ அளவில் நின்றது: தள்ளினால் சாயாது, பெருக்கும்போது நகர்த்தலாம். உரலுக்கு நான்கு இன்ச் வட்ட ஓட்டை. அதன் இடை எட்டு இன்ச்தான் என்பதால். அடித் தட்டில் சின்னத் துளை ஒன்று இரண்டிலும் உண்டு, உள்ளே அடைபட்ட காற்று ஈரம் மாறும்போது மூச்சுவிட.

ஒட்ட பெவிக்கால். இறுக்க, இரண்டு கனமான விட்டங்களுக்கு நடுவே அடுக்கை வைத்து லாரி ஜாக்கியால் அழுத்தம். ஜாக்கியின் பலத்தை நினைவில் வைத்துக்கொண்டு நிறுத்த வேண்டும். ஒட்டு விளிம்பில் பசை முத்து முத்தாகப் பிதுங்கினால் போதும். அதற்கு மேல் அழுத்தினால் பசை முழுக்க வெளியே வந்து ஒட்டு வறண்டுவிடும். ஒன்பது அடுக்கையும் ஒரேயடியாக வைத்தால் வழுக்கி நழுவும். மூன்று மூன்றாக ஒட்டிப் பிறகு அவற்றைச் சேர்த்தேன்.

தூணை நானே வெட்டினேன். சதுரத்தில் எட்டுப்பட்டை குறிக்கப் பழைய ஆசாரிக் கணக்கு ஒன்று உண்டு, அளவுகோலே வேண்டாம். குறுக்கு மூலைவிட்டம் போட்டு அதன் பாதியைக் காம்பஸில் எடு. ஒவ்வொரு மூலையிலும் ஊன்றி இரண்டு பக்கங்களிலும் வில் வெட்டு. எட்டுப் புள்ளி விழும். அவற்றைச் சேர்த்தால் எட்டுப்பட்டை. 13 இன்ச் சதுரத்தில் மூலையிலிருந்து 3.8 இன்ச்சில் வந்து உட்காரும். அந்தக் கோடு வரை மூலையை ரம்பத்தால் அரை இன்ச்சுக்கு ஒரு வெட்டாக அறுத்து, கொட்டாப்புளியால் தட்டினால் துண்டுகள் சில்லுச் சில்லாக உதிரும். மேலும் கீழும் சதுரத்தை எட்டும் இடத்தில் முக்கோணச் சரிவு விட வேண்டும். அந்த நான்கு நான்கு எட்டு சரிவுதான் தூணின் உயிர். அங்கே உளி ஒரு மயிரிழை உள்ளே போனாலும் நிழல் கோணிப்போகும். நல்ல சாணை பிடித்த அகல உளி, கை அழுத்தம் மட்டும். கொட்டாப்புளி அங்கே கிடையாது.

சதுரங்களை இழைப்புளியால் மழமழவென்று இழைத்துவிட்டேன். நான்கு வெட்டுப் பட்டைகளில் மட்டும் வளைந்த உளியால் மேலிருந்து கீழாக வரிவரியாகத் தடம். அந்தத் தடத்தை உப்புத்தாள் தொடவே இல்லை. உளித்தடத்தைத் தேய்த்துவிட்டு அப்புறம் அதே மாதிரி மிஷினில் வரி போடுவதை நிறையப் பார்த்துவிட்டேன், மனசு ஒப்பவில்லை.

கறுப்புக்கு வருகிறேன். இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

ரேணிகுண்டாவில் ரயில் மாறினால் காளஹஸ்தி. அங்கே கலம்காரி போடுகிறவர்கள் துணியைக் கடுக்காய் நீரும் எருமைப்பாலும் கலந்த கலவையில் ஊறவைத்துக் காயவைத்து, அதன்மேல் கசிமி என்கிற இரும்புச் சாயத்தால் கோடு போடுவார்கள். கசிமி என்பது துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் வாரக்கணக்கில் புளிக்கவைத்தது. பானையில் இருக்கும்போது கலங்கிய பழுப்புத் தண்ணீர்தான். கடுக்காயின் துவர்ப்பைத் தொட்டவுடன்தான் கறுப்பு பிறக்கிறது. வெல்லம் புளித்து வரும் அமிலம் இரும்பைக் கரைக்கிறது. கரைந்த இரும்பு துவர்ப்போடு சேர்ந்து கரையாத கறுப்பாக இழைக்குள்ளேயே உட்கார்ந்துவிடுகிறது. வெளிநாட்டு மர வேலைக்காரர்கள் வினிகரில் இரும்பு நாரை ஊறவைத்து ஓக் மரத்தைக் கறுப்பாக்குவதும் இதே வேதியியல்தான். துணிக்கு நடப்பது மரத்துக்கும் நடக்கும். மரமும் நார்தானே.

மண்பானையில் பழைய ஆணி, லாடத் துண்டு எல்லாம் போட்டு, நாட்டு வெல்லமும் பனைவெல்லமும் சேர்த்து, தண்ணீர் ஊற்றித் துணியால் வாய் கட்டி மாட்டுக்கொட்டகை ஓரம் வைத்தேன். நுரைத்துப் பொங்கி, வாடை ஊருக்கே தெரிந்து, பிறகு அடங்கியது. நுரை அடங்கி வாடை மாறியதும் வடிகட்டினேன். கடுக்காய்த் தூள் லிட்டருக்கு 100 கிராம், ராத்திரி முழுக்க ஊறி வடிகட்டியது. பால் சேர்க்கவில்லை: துணியில் கோடு பரவாமல் நிற்கத்தான் பால், இங்கே எனக்கு முழுப் பரப்பும் கறுக்க வேண்டும்.

முதலில் துண்டு மரங்களில் சோதனை. கருவேலத் துண்டு கடுக்காய் இல்லாமலேயே கறுத்தது, அதன் துவர்ப்பே போதும். வேம்பு கரும்பழுப்பு. மா மட்டும் கசிமி தனியாகப் பட்டபோது சாம்பல் நிறத்தில் நின்றது. கடுக்காய் நீர் இரண்டு கை பூசி, காயவைத்து, அப்புறம் கசிமி என்றபோது கண்ணெதிரே இருண்டது. தூரிகை போன தடம் பழுப்பு, சாம்பல், நீலக்கறுப்பு என்று மாறி, சில நிமிஷத்தில் கறுப்பு.

இங்கேதான் வடிவமும் பூச்சும் ஒன்றையொன்று எப்படிப் பிடித்திருக்கின்றன என்று தெரிந்தது. உளித்தடம் போட்ட ஒரு துண்டை நான்கு பாகமாகப் பிரித்து நான்கு விதமாக முடித்துப் பார்த்தேன். வெறும் கசிமியோடு விட்ட பாகத்தில் உளித்தடமே காணவில்லை. முழுக் கறுப்பு, முழு மங்கல். நிழல் விழ இடமில்லாததால் அத்தனை வரியும் தட்டையாகிவிட்டது. வார்னிஷ் அடித்த பாகம் எல்லா இடத்திலும் மின்னி, வரி எது பள்ளம் எது என்று புரியாமல் குழப்பியது. ஆளிவிதை எண்ணெய் மட்டும் கொடுத்தது ஆழமான கறுப்பு, ஆனால் இன்னும் மௌனம். எண்ணெய் காய்ந்தபின் தேன்மெழுகைத் துணியில் தொட்டு மேடுகளை மட்டும் உரசியதில்தான் ஒவ்வொரு வரியின் முகடும் மெல்லிய வெள்ளிக் கோடாக எழுந்தது. பள்ளம் கறுப்பாகவே இருக்கிறது. ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தால் காலையில் ஒரு பக்கத்துப் பட்டைகளும் சாயங்காலம் மறுபக்கத்துப் பட்டைகளும் எழும்பும்.

கறுப்பு மரத்தின் ரேகையை விழுங்கிவிடும். ஆகவே கறுப்பாகப் போகிற பொருளுக்கு ரேகையை நம்பி வடிவம் அமைக்கக் கூடாது. முனையையும் பட்டையையும் நம்பித்தான் அமைக்க வேண்டும். பளபளப்புக்கு அதற்கு நேர் எதிர்க் குணம். அதற்கு அறுபடாத வளைவு வேண்டும், வெளிச்சக் கோடு ஒன்று மேலிருந்து கீழ் வரை வழுக்கி ஓட. கோடு போட்ட மாம்பலகையை உரலுக்கும், கோடு குறைந்த பலகையைத் தூணுக்கும் பிரித்தது இதனால்தான்.

தூணில் பூசியபோது கவனிக்க வேண்டியது வெட்டுமுனைகள். ரேகை ஒரே திசையில் ஓடுவதால் எதிரெதிர் இரண்டு முகங்கள் முழுக்க வெட்டுமுனை. அவை கடுக்காய் நீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். மற்ற முகங்களைவிட அதிகம் குடித்தால் காய்ந்தபின் திட்டுத்திட்டாகத் தெரியும். ஒன்றுக்கு எட்டாகத் தண்ணீர் கலந்த பசையை அந்த முகங்களில் மட்டும் ஒரு கை தடவிக் காயவைத்து, லேசாகத் தேய்த்துவிட்டு, அப்புறம் கடுக்காய். முதலில் வெறும் தண்ணீரால் மொத்தத்தையும் ஒருமுறை நனைத்து, உளித்தடம் தவிர மற்ற இடங்களில் எழும்பும் நார் மயிரை உப்புத்தாளால் எடுத்துவிடுவதும் அவசியம். சாயம் போட்டபின் நார் எழுந்தால் தேய்க்க முடியாது. தேய்த்த இடம் வெளுத்துவிடும். கசிமி காய்ந்ததும் ஈரத்துணியால் துடைத்து எடுத்தால் மேலே நிற்கும் அமிலமும் தூசும் போகும்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு டேபிளும் ஒரே பட்டறையில் இருந்தால் கறுப்பு வேலையையும் வெள்ளை வேலையையும் தனித்தனி நாளில் செய்யுங்கள். இரும்பு நார்த் தூசு, கசிமி பட்ட கை, துருப்பிடித்த கிளாம்ப், இதில் எது ஈர மாம்பலகையைத் தொட்டாலும் நீலக்கறுப்புப் புள்ளி வைத்துவிடும். உரலைத் திருத்தணிக்கு அனுப்பும்வரை தனி அறையில், பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்தேன்.

திருத்தணியில் ஒரு கடைசல் பட்டறை. கட்டில் கால், தொட்டில் கால், மத்து, பூரிக்கட்டை என்று கடைகிற பெரியவர். 13 இன்ச் அகலக் கட்டையைப் பார்த்ததும் "இது தேர்ச்சக்கரத்துக்கா தம்பி?" என்றார். அவருடைய மிஷினில் 16 இன்ச் வரை சுற்றும் என்றாலும், இந்த அகலத்தில் விளிம்பின் வேகம் கட்டில் காலுக்கு வருவதைப்போல மூன்று நான்கு மடங்கு. பெல்ட்டைக் கடைசிப் புல்லிக்கு மாற்றி, நிமிஷத்துக்கு 400 சுற்றுக்குள் வைத்துத்தான் உளியை வைத்தார். அதற்கு முன்பே நான் மூலைகளை அறுத்து எட்டுப்பட்டை ஆக்கிக் கொண்டுபோயிருந்ததால் அதிர்வு குறைந்தது.

வளைவை அட்டையில் வெட்டிக் கொடுத்திருந்தேன். அவர் அட்டையைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். "வாய்க்குக் கீழே இவ்வளவு சீக்கிரம் உள்ளே போகாதுப்பா. உரலுக்குக் கழுத்து கிடையாது" என்றார். "உங்க இஷ்டம் பெரியவரே, அகலமும் உயரமும் மட்டும் மாறக் கூடாது" என்றேன். அவர் கடைந்தது என் அட்டையைவிட நிதானமான வளைவு. இடையின் ஒடுக்கம் நடுவுக்குக் கொஞ்சம் கீழே வந்து உட்கார்ந்தது. பூஞ்சைக் கோடுகள் உளி உள்ளே போகப் போக வளைந்து, திறந்து, இடையில் ஒரு முழு வளையமாகச் சேர்ந்துகொண்டன. பலகையில் நேர்கோடாகத் தெரிந்தது, கடைந்தபின் மலைகளின் வரிசை மாதிரி.

மெருகு மிஷினிலேயே. கர்நாடகத்தின் சன்னபட்டணாவிலும் வட ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாகாவிலும் பொம்மைக்குப் போடுகிற அதே முறை. வெட்பாலை மரத்தில் அவர்கள் செய்வதை நாங்கள் மாவில் செய்தோம். 320 உப்புத்தாள் வரை தேய்த்து, தூசை ஊதிவிட்டு, அரக்குக் குச்சியைச் சுற்றும் மரத்தில் வைத்து அழுத்தினால் உரசலின் சூட்டிலேயே அரக்கு உருகிப் படியும். பிறகு தாழை மடலை அதே மாதிரி அழுத்திப் பிடித்தால் படிந்த அரக்கு பரந்து கண்ணாடியாகும். நிறம் எதுவும் சேர்க்காத அரக்குதான் கேட்டேன், கறுப்புக் கோடு மறையக் கூடாது என்று. பொம்மைக்கு ஒரு நொடியில் முடிகிற வேலை இந்த அகலத்துக்குப் பொறுமை கேட்டது. மெதுவாகச் சுற்றும் இடுப்பில் சூடு போதாமல், பெரியவர் அங்கே மட்டும் வேகத்தை ஒரு புல்லி கூட்டினார்.

மேல்தட்டில் அரக்கு கிடையாது. அரக்கு சூட்டில் இளகும் பொருள்; கொதிக்கிற டீ டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும். சைடு டேபிளில் டீ வைக்காதே என்று வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அதனால் அரக்கு விளிம்பு வரைக்கும்தான். மேல்தட்டுக்கு இரண்டு டேபிளிலும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய்: மெல்லிய கையாகத் தடவி, கால் மணி நேரம் விட்டு, மிச்சத்தைத் துடைத்து, மறுநாள் மறுபடி, ஐந்து கை. கறுப்பு டேபிளின் மேல்தட்டில் தண்ணீர் நின்றால் சாம்பல் தடம் தெரியும், அதற்குத் தேன்மெழுகு மாதம் ஒருமுறை.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு விடும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். எங்கள் ஊர் வெயிலில் அதற்கு அதிக நேரம் பிடிக்காது. தண்ணீர் வாளியில் முக்கி, விரித்துப் போட்டுக் காயவைத்த பிறகுதான் குப்பைக்கு.

இப்போது இரண்டும் கூடத்தில் இருக்கின்றன. முதலில் சோபாவின் இரு பக்கமும் தள்ளி வைத்தேன். பிறகு ஒரே பக்கம் கைக்கெட்டும் இடைவெளியில் சேர்த்து வைத்துப் பார்த்தேன், அதுதான் பொருந்தியது. உரலின் இடையில் விழுந்த குழிவுக்குள் தூணின் கூர்மூலை பார்வைக்கு வந்து நுழைகிறது. நடுவில் உண்டாகும் வெற்றிடத்துக்கே ஒரு வடிவம் வந்துவிடுகிறது. இரண்டின் மேல்தட்டும் ஒரே மட்டத்தில் இருப்பதால் பெரிய தட்டு ஒன்றைக் குறுக்கே வைக்கவும் முடிகிறது.

கசிமி பானையில் இன்னும் பாதி இருக்கிறது. கடைசல் பெரியவர் ஒரு பாட்டிலில் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். வேலங்கட்டையில் கடைந்த கட்டில் கால்களுக்குக் கடுக்காயே இல்லாமல் போட்டுப் பார்க்கிறாராம்.